லாரியை விசாரித்த வக்கீல்

புரட்டாசி இரண்டாம் வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்குக் கடை திறந்தேன். வாசல் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி, லாரிக் கோளாறு பார்க்கும் ஸ்கேனர் மிஷினை மஞ்சள் துணியால் துடைத்து, டைரியில் தேதி போட்டேன். சென்னீர்குப்பத்தில் கடை போட்ட நாளிலிருந்து இந்த வரிசை மாறியதில்லை. எட்டரைக்கு எதிர் ஷெட்டுக்கு வக்கீல் வந்தார். என் வயிற்றெரிச்சலும் வழக்கம்போல அப்போதுதான் தொடங்கியது.

பானெட்டைத் திறக்காமல், டிரைவரைக் குறுக்கு விசாரணை செய்தே லாரியின் நோயைக் கண்டுபிடிக்கும் மெக்கானிக் இந்தப் பூமியில் ஒருவர்தான். அந்த ஒருவரைக் கடவுள் என் கடைக்கு நேர் எதிரே கொண்டுவந்து வைத்திருந்தார். பெயர் எனக்குத் தெரியாது. கேட்டவர்களையும் நான் பார்த்ததில்லை. கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டிரம்மில் உட்கார்ந்து அவர் கேள்வி கேட்கும் தோரணைக்கு வக்கீல் என்ற பெயரே போதும்.

கிளட்ச் வழுக்குகிறது என்று வந்த ஒரு டிரைவரை அவர் விசாரித்த விசாரணையில், அந்த ஆள் மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போகாத காரணத்தைச் சொல்லி அழுதுவிட்டார். கிளட்ச் சரியானதா என்று எனக்கு நினைவில்லை. அடுத்த வாரமே அந்த டிரைவர் இன்னும் மூன்று லாரிகளைக் கூட்டி வந்தது நன்றாக நினைவிருக்கிறது. இன்னொரு முறை, திணறி நின்றுபோன வண்டிக்கு ஒரு மணி நேரம் விசாரணை நடத்தி, டிரைவருக்கு இராத்தூக்கம் போதவில்லை என்று தீர்ப்பு சொன்னார். உண்மையில் டேங்கில் டீசல் இல்லை. கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டு, மறுநாளும் அவரிடமே போனார்கள்.

என்னிடம் இருந்தது விலை உயர்ந்த மிஷின். ஒயரைச் சொருகினால் வண்டி தன் குறையைக் கோட் எண்ணாகச் சொல்லும். நான் அதைத் தாளில் அச்செடுத்து, பின் அடித்துக் கொடுப்பேன். டிரைவர்கள் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு நேரே எதிர்ப்புறம் போய், வக்கீலிடம் படித்துக் காட்டுவார்கள்.

அன்று பத்து மணிக்குத் தேவகியம்மாவின் பழைய லாரி வந்தது; அவரும் கூடவே வந்திருந்தார். அவர் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தவர். கணவர் ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்றதும் வாங்கிய வண்டி அது. ஓட்டுபவர் மேனாம்பேடு ஏழுமலை. லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, சில மாதமாக நாலைத் தாண்டவில்லை. போன மாதமே நான் பார்த்திருந்தேன். என்ஜின் தண்ணீரின் சூடு சரியில்லை என்று கோட் காட்டியது. சூடு அளக்கும் சென்சாரை மாற்றினேன். எச்சரிக்கை விளக்கு இரண்டு நாள் அணைந்திருந்து, மறுபடி எரிந்தது.

திரும்பவும் மிஷினைச் சொருகினேன். அதே கோட்.

"சென்சார் புதுசும்மா. ஒயரும் நல்லா இருக்கு. இதைத் தவிர மிஷின் எதையும் காட்டலை" என்றேன்.

தேவகியம்மா சாலையில் இறங்கி நின்று, டீக்கடை வரை கேட்கும்படி சொன்னார். "அப்போ வண்டி குடிக்கலை. இவன்தான் டீசலை வித்துத் தின்னிருக்கான். சாவியைக் குடு."

அங்கே நின்ற டிரைவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். திருடன் என்று இந்தச் சாலையில் ஒருமுறை பேர் வந்துவிட்டால், பூந்தமல்லி முதல் நெமிலிச்சேரி வரை ஒருவரும் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். ஏழுமலை சாவியைக் கொடுக்கவில்லை. வண்டியில் ஏறி, என் கடையிலிருந்து ரிவர்ஸ் எடுத்து, வக்கீல் ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். மிஷினோடு நானும் பின்னாலேயே போனேன்.

வக்கீல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டிரம்மில் உட்கார்ந்தார்.

"இன்னா நைனா, டீசல் வித்தியா?"

"இல்லண்ணாத்தே."

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு. டீக்கடையாண்ட கீறவனுக்குக் கேக்கணும்."

"விக்கலண்ணாத்தே."

"வண்டி ஓடசொல்லோ ஹீட்டு முள்ளு எங்க நிக்கும்?"

"கீழயே நிக்கும். ஸ்ரீபெரும்புதூர் போய்ட்டு வந்தாலும் ஏறாது. வண்டி ஜில்லுனு கீதேன்னு சந்தோசமா உட்டுட்டேன்."

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "மிஷின்காரரே, தண்ணி சூடு இன்னா காட்டுது?"

"ஐம்பத்தெட்டு."

"ஓடிட்டு வந்த வண்டிக்கு எவ்ளோ இருக்கணும்?"

"எண்பதுக்கு மேல" என்றபோதுதான் எனக்கு உறைத்தது. சென்சார் ஒழுங்காகத்தான் சாட்சி சொல்லியிருக்கிறது. வண்டி உண்மையிலேயே குளிர்ந்து கிடந்திருக்கிறது.

என்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்க ஒரு வால்வ் உண்டு. வெயில் காலத்தில் வண்டி கொதித்தால், எங்கள் சாலையில் அந்த வால்வைக் கழற்றிக் குப்பையில் போடுவது வழக்கம். கொதிப்பு நின்றுவிடும். ஆனால் என்ஜின் நாள் முழுக்கக் குளிர்ந்தே ஓடும். வண்டியின் கம்ப்யூட்டர், இப்போதுதான் காலையில் ஸ்டார்ட் செய்தார்கள் என்று நினைத்து டீசலை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

வக்கீல் மறுபடி ஏழுமலை பக்கம் திரும்பினார். "சித்திரையில வண்டி கொதிச்சுதா?"

"கொதிச்சுது."

"வால்வைக் கழட்டன கேப்மாரி யாரு?"

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லு நைனா. கோர்ட்டுல வந்து வெக்கப்பட்டா எப்டி?"

"நீங்கதாண்ணாத்தே."

பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பரம சந்தோஷம். தேவகியம்மாவின் வாய்க்கு இவர் அகப்பட்டார் என்று வசதியாகக் கையைக் கட்டிக்கொண்டேன்.

வக்கீல் எழுந்து கைலியை மடித்துக் கட்டினார். பானெட்டைத் திறந்து, ஸ்பேனரை எடுத்து, வால்வ் இருக்கவேண்டிய இடத்தின் மூடியைக் கழற்றி, காலியாக இருந்த ஓட்டையில் விரலை விட்டுக் கூட்டத்துக்கே காட்டினார்.

"யம்மா, நல்லா பாத்துக்கோ. உன் டீசலைத் துன்னது இந்த ஓட்டை. ஓட்டை போட்டவன் நான். புது வால்வ் என் செலவு. இவன் மேல ஒரு சொட்டு குத்தம் இல்ல. அதைச் சொல்லிட்டுப் போ. முன்ன சொன்ன அதே சத்தத்துல சொல்லு."

தேவகியம்மா அவரை முறைத்தார். பிறகு, "ஏழுமலை திருடலை. சாவியை அவனே வெச்சுக்கட்டும்" என்றார். டீக்கடைக்குக் கேட்டது. யாரோ கைதட்டினார்கள். தப்புச் செய்தவருக்கே கைதட்டல். அந்தத் தப்பை நான் செய்திருந்தால் ஒரு வாரம் கடையைச் சாத்தியிருப்பேன்.

சாயங்காலம் பொறுக்க முடியாமல் போய்க் கேட்டேன். "உமக்கு எப்பய்யா தெரிஞ்சுது?"

"வண்டிய சுத்தி வரசொல்லோவே தெரியும் மாமே. குனிஞ்சா சந்து வழியா தெரியும், அந்த மூடியில கீற போல்ட்டு நான் போட்டது."

"சத்தமில்லாம ஒரு வால்வைப் போட்டு அனுப்பியிருக்கலாமே. இத்தனை பேருக்கு முன்னால எதுக்கு?"

"திருடன்னு அந்தம்மா ரோட்ல நின்னுதானே சொல்லிச்சு. இல்லன்னு நாம ஷெட்டுக்குள்ள சொன்னா எவனுக்குக் கேக்கும்?"

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கும்போதே ஒரு டிரைவர் நின்றுகொண்டிருந்தார். வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதாம். "எதிர்ல வக்கீல் வரலீங்களா?" என்றார். மிஷினை எடுக்கப் போன நான், அதை விட்டுவிட்டு முதல் வேலையாக நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். "உட்காருங்க, வந்துடுவாரு" என்றேன். அன்றைக்கு வக்கீல் வர ஒன்பது ஆகிவிட்டது. அந்த டிரைவர் நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருந்தார். எதிர் ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.