இளவரசி பேசிய குறிஞ்சிப்பாடித் தமிழ்

மைக்கைக் கையில் பிடித்தால் சிலருக்குப் பேச்சே மாறிவிடும். வீட்டில் "இன்னா பண்ணிக்கினு இருக்க?" என்பவர்கள் மேடையில் "தாங்கள் நலம்தானே?" என்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நான்தான் தலைவி.

நெய்வேலி டவுன்ஷிப்பில், எங்கள் பிளாக் சமூகக்கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழந்தைகளுக்கு இளவரசி கார்ட்டூன் படம் போட ஏற்பாடானது. படம் ஆங்கிலம். வாண்டுகளுக்குப் புரிய யாராவது மைக்கில் தமிழ் பேசவேண்டும். நான் கையைத் தூக்கினேன்.

காரணம், அப்போது இரண்டாம் வகுப்பு படித்த என் மகள் யாழினி. "இளவரசின்னா வெள்ளையா இருக்கணும்மா. நம்ம மாதிரி பேசவும் மாட்டாங்க" என்று ஒருநாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. நிறத்தை என்னால் மாற்ற முடியாது. பேச்சையாவது மாற்றலாமே.

நான் குறிஞ்சிப்பாடிக்காரி. சுரங்கத்தில் வேலை பார்க்கும் என் கணவர் திருநெல்வேலி. ஏற்பாட்டைக் கவனித்த மல்லிகா அக்கா கோயம்புத்தூர். "இளவரசியாச்சுங்களே, உங்க ஊருப் பேச்சு வேண்டாமுங்க. கொஞ்சம் நல்ல தமிழாப் பேசிடுங்க" என்றார் அவர். (அப்பவே 'வேற ஆளப் பாருங்க'ன்னு சொல்லியிருக்கணும். சொன்னேனா?) ஒரு வாரம் செந்தமிழ் வசனங்களை மனப்பாடம் செய்தேன். காய்கறிக்காரரிடம்கூட "கத்தரிக்காய் என்ன விலை ஐயா" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

படம் ஓடியது. திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "தோழியரே, என் நெஞ்சம் ஏனோ கலங்குகிறது" என்றேன். கூடம் கொட்டாவி விட்டது. முன்வரிசையில் யாழினி முகத்தை மூடிக்கொண்டாள்.

நடுவில் பாட்டு வந்தது. எனக்கு வசனம் இல்லை. மைக்கை அணைத்துவிட்டதாக நம்பினேன். அப்போதுதான் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டு வந்த கணவர் கூடத்தின் கடைசியில் நின்றிருந்தார். ஜாடையில் கேட்டேன். அவருக்குப் புரியவில்லை.

திரையில் பாட்டு முடிந்து, இளவரசன் மண்டியிட்டு மோதிரத்தை நீட்டினான். இளவரசி உருகிப்போய் வாய் திறந்தாள்.

"ஏங்க, அடுப்புல பால் வச்சிருந்தனே, பாத்தீங்களா?"

கூடம் முழுக்க என் குரல்.

சுரங்க இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய கணவர், மைக்கே இல்லாமல் பதில் சொன்னார்: "அது அப்பமே பொங்கித் தீஞ்சுட்டு. நான்தான் அடுப்ப அணைச்சேன்." இளவரசனின் வாயும் அதே அளவுக்கு அசைந்து நின்றது.

மைக் அணையவில்லை என்பது எனக்கு உறைத்தது. நாற்காலியோடு பழுப்பு நிலக்கரியாகப் பூமிக்குள் போய்விட விரும்பினேன். கூடம் சிரித்துச் சிரித்து உருண்டது. "என் அன்பே" என்று மறுபடி ஆரம்பித்தேன். "வேணாம் ஆன்ட்டி" என்று வாண்டுகள் ஒரே கூச்சல்.

யாழினி எழுந்து ஓடிவந்து என் காதில் சொன்னாள்: "நம்ம வூட்ல பேசுற மாதிரியே பேசும்மா. அவ இப்பதான் நல்லாருக்கா."

மல்லிகா அக்காவைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பேசுங்க கண்ணு" என்றார்.

அதற்குப் பிறகு மனப்பாடம் போன இடம் தெரியவில்லை. "மோதிரம் கெடக்கட்டும். உனக்குப் பண்ருட்டிப் பலாப்பழம் வெட்டத் தெரியுமா? தெரியாதா? கத்துக்கினு வா, அப்பால பேசிக்கலாம்" என்றாள் மஞ்சள் முடி இளவரசி. இளவரசன் தலைகுனிந்தான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. யாழினி பக்கத்துப் பெண்ணிடம் "அது எங்கம்மா" என்று சொல்லிக்கினே இருந்தாள். (பாருங்க, எழுதும்போதே வந்துடுது.)

போன வருஷம் என் நாத்தனாரைப் பெண் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையிடம் ஏதாவது கேட்கும்படி பெண்ணிடம் சொன்னதும் அவள் நிமிர்ந்து, "பலாப்பழம் வெட்டத் தெரியுமா?" என்றாள். எங்கள் வீட்டார் அத்தனை பேரும் சிரித்ததில் காபி சிந்தியது. ஒன்றும் புரியாத மாப்பிள்ளை, ரொம்ப யோசித்து, "கத்துக்கிடுதேன்" என்றார். கல்யாணம் முடிவானது. இப்போது கோடை விடுமுறைக்கு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தால், யாரும் சொல்லாமலே அவர் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழத்தின் முன் உட்கார்ந்துவிடுகிறார்.