சந்தோஷத்துக்கு அளவு சொன்ன கதை

ஆங்கிலம் தெரியாதவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. போன மாதம்தான் கற்றுக்கொண்டவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நானும் அப்படி ஒருத்தியாக இருந்தேன். நினைத்தால் இன்றைக்கும் கூசிப் போகிறேன்.

இன்ஜினியரிங் முடித்துவிட்டு, நகரியிலிருந்து திருப்பதிக்கு தினமும் பஸ் ஏறி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். 'வெரி' எங்கே வரும், 'டூ' எங்கே வரும் என்று அங்கே ஒரு வாரம் நடத்தினார்கள். 'வெரி' என்றால் ரொம்ப. 'டூ' என்றால் அளவுக்கு மீறி. அவ்வளவுதான் விஷயம். (இதற்கு ஒரு வாரமா என்று கேட்காதீர்கள், ஃபீஸ் வாங்கிவிட்டார்கள் இல்லையா?) அன்றிலிருந்து 'டூ குட்' என்று ஸ்டேட்டஸ் போட்ட தோழிகளைக்கூட நான் விடவில்லை. பாதிப் பேர் என்னை பிளாக் செய்தார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். ஏற்கெனவே சில இடங்கள் கூடிவந்து கலைந்திருந்தன. சத்தியவேடு பக்கத்து மாப்பிள்ளையை அக்காவுக்கு மனசாரப் பிடித்துவிட்டது. இதுவும் போனால் அவள் தாங்கமாட்டாள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

தட்டு மாற்றும் நேரம். மாப்பிள்ளையின் அப்பா வேர்க்கடலை விவசாயி. தட்டை ஏந்திக்கொண்டு தொண்டையைச் செருமினார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "வி ஆர் டூ ஹேப்பி" என்றார்.

"வெரி ஹேப்பி, மாமா!" என்றேன், மண்டபத்துக்கே கேட்கும்படி. "டூ ஹேப்பின்னா அளவுக்கு மீறி சந்தோஷப்படறீங்கன்னு அர்த்தம். அது தப்பு."

நாயுடுபேட்டையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தைக்குத் தமிழ் வராது. நான் என்ன சொல்கிறேன் என்று புரியாமல் "ஏமண்டுந்தி?" என்று கேட்டார். பக்கத்திலிருந்த ஒரு புண்ணியவான் தெலுங்கில் எடுத்துச் சொன்னார்: நாம் இவ்வளவு சந்தோஷப்படுவது தப்பாம், பெண்ணின் தங்கை சொல்கிறாள்.

அத்தை எழுந்துவிட்டார். மாமா தட்டைக் கீழே வைத்துவிட்டார். ஏந்திய தட்டை மாற்றாமல் கீழே வைத்தால் எங்கள் பக்கத்தில் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை, அழுதுவிட்டாள்.

"கம்முனு இருடி! யாருக்குடி பாடம் எடுத்துக்கினு கீற?" என்று என் நைனா கத்தினார்.

மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "பொண்ணோட தங்கச்சி இங்கிலீஷ் படிக்குதுன்னு, அப்பா காலைலேர்ந்து கண்ணாடி முன்னாடி நின்னுக்கினு அதையே சொல்லிப் பாத்துக்கினு இருந்தாரு."

எனக்காக ஒரு மனுஷன் ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நான் ஊர் முன்னால் மார்க் போட்டிருக்கிறேன். நேராகப் போய் மாமா காலில் விழுந்தேன். அவர் குனிந்து தட்டை எடுத்தார். அத்தையும் முனகிக்கொண்டே உட்கார்ந்தார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் அதற்கப்புறம் மாமா என் எதிரில் ஒரு 'தேங்க்யூ'கூடச் சொன்னதில்லை. போன வருஷம் அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து அவரே எனக்கு போன் செய்தார்.

"பொண்ணு பொறந்துகீதும்மா. சந்தோஷமா கீது. எவ்ளோன்னு நீயே சொல்லிடு."

இப்போது இரண்டு வீட்டிலும் யார் நல்ல சேதி சொன்னாலும், கடைசியில் இந்த வரியைச் சேர்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் இதுவரை அளவு சொன்னதில்லை.