முன்மாதிரி வீட்டுக்கு ஒரு மழைக்கோட்டு

மனித குலம் குகையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து எத்தனையோ கோடி வீடுகளைக் கட்டியிருக்கிறது. அவற்றில் குறையே சொல்ல முடியாத வீடு ஒன்றே ஒன்றுதான். வீட்டுவசதித் துறை கட்டிய 'முன்மாதிரி வீடு' அது. சுவரில் ஒரு கீறல் கிடையாது. தரையில் ஒரு கறை கிடையாது. குழாய் சொட்டாது, கதவு கிறீச்சிடாது. இத்தனை சிறப்புக்கும் காரணம், அதில் யாரும் குடியில்லை.

குடியிருக்க ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். ஆள் தயாராகவே இருந்தாள். தெருவே அவளை 'டேப் அக்கா' என்று கூப்பிடும். தையல்காரி. காலையில் எழுந்தவுடன் அளவெடுக்கும் டேப்பைக் கழுத்தில் போட்டால், தூங்கப் போகும்போதுதான் கழற்றுவாள். குலுக்கலில் அந்த வீடு அவளுக்குத்தான் விழுந்தது. மேடை போட்டு, மாலை போட்டு, கைதட்டலுக்கு நடுவே துறையின் இயக்குநரே அவள் கையில் சாவியைக் கொடுத்தார். அட்டையில் செய்து தங்கக் கலர் அடித்த சாவி. ஆள் உயரம் இருந்தது. தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள் அவளுக்குக் கை கடுத்துவிட்டது.

அந்தச் சாவியும் வீண் போகவில்லை. அவள் வீட்டுத் தகரக் கூரையில் ஓட்டை விழுந்திருந்த இடத்தில் அதை முட்டுக் கொடுத்து வைத்தாள். எண்ணெய்ப் பெயின்ட் அடித்த அட்டை என்பதால் ஓரளவு தண்ணீர் நின்றது.

"பாத்தியாம்மா, துறை குடுத்த சாவியால நம்ம வீடு ஒழுகாம இருக்கு. அரசாங்கம் ஒண்ணுமே செய்யலன்னு யாரும் வாய் திறக்கக் கூடாது" என்றார் அவள் மாமனார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் அவள் தையலை நிறுத்திவிட்டுக் கூரையையே பார்ப்பாள். போன புயலில் அவர்கள் கூரைத் தகரம் பறந்து போய்ப் பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்தது. மெக்கானிக்கான அவள் புருஷன் அதைத் துரத்திக்கொண்டு ஓடியதை இன்றைக்கும் தெரு பேசிச் சிரிக்கும். அப்போது வீட்டில் கைக்குழந்தை இல்லை. இப்போது இருக்கிறது. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தொட்டிலில் தூங்குகிறது. இன்னொரு புயல் வந்தால் எதை முதலில் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று யோசிப்பாள். குழந்தையைத்தான், சந்தேகமில்லை. ஆனால் எங்கே ஓடுவது?

போக வேண்டிய இடம் கூப்பிடு தூரத்தில், தெருமுனையில், பூட்டிக் கிடந்தது.

வீட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது வேறு விஷயம். வரைந்தவள் துறையின் இளம் பொறியாளர். குலுக்கல் முடிந்த கையோடு, வரைவதற்கு முன்னால் டேப் அக்கா வீட்டிலேயே வந்து உட்கார்ந்து, எந்தப் பக்கமிருந்து காற்று அடிக்கிறது, எந்த மூலையில் தண்ணீர் ஏறுகிறது, மெஷினை எங்கே போட்டால் வெளிச்சம் விழுகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தாள். வெள்ளம் எட்டாத உயரத்தில் தரை. காற்று பிடித்துத் தூக்க முடியாதபடி நான்கு பக்கமும் சரிந்த கூரை. கூரைச் சட்டங்களைச் சுவரோடும், சுவரை அஸ்திவாரத்தோடும் கட்டிப்போட்ட இரும்புப் பட்டைகள். ஜன்னலுக்கு வெளியே கெட்டியான தடுப்புக் கதவுகள். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால் மின்விசிறியே வேண்டாம். வெயிலைத் திருப்பி அனுப்பக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு, அதன் மேல் சோலார் தகடு. உபயோகமில்லாத பொருள் என்று அதில் ஒன்றும் இல்லை. துறைக்கு அது புது அனுபவமாகவே இருந்திருக்கும்.

எல்லாம் முடிந்து மின்சாரச் சிக்கனத்துக்கு மதிப்பெண் போடும் நேரத்தில்தான் இயக்குநருக்கு ஞானோதயம் உண்டானது. அந்த மாபெரும் உரையாடலைப் பொறியாளரே டேப் அக்காவிடம் சொன்னாள்.

"வீடு எவ்வளவு கரன்ட் இழுக்கும்?"

"ரொம்பக் கம்மி சார். ரெண்டு மூணு பல்ப், ஒரு ஃபேன், தையல் மெஷின் மோட்டார்."

"அதையெல்லாம் போடுறது யாரு?"

"குடியிருக்கறவங்கதான் சார்."

"அப்ப வீடு மேல தப்பில்ல. குடியிருக்கறவங்க மேலதான் தப்பு" என்றாராம் இயக்குநர். "அவங்கள எடுத்துட்டா?"

எடுத்துவிட்டார்கள். மீட்டர் நகரவே இல்லை. உலகத்திலேயே துளி மின்சாரம்கூடச் செலவழிக்காத வீடு என்று துறைக்கு விருது கிடைத்தது. கதவைத் திறந்து மூடினால் கீல் தேயும் என்று அடுத்து ஓர் ஆராய்ச்சி முடிவு வந்தது. நடந்தால் தரை தேயும் என்று இன்னொன்று. பார்வையாளர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வேலிக்கு வெளியே நின்று பார்க்க அனுமதிக்கப்பட்டார்கள்.

டேப் அக்கா சாவி கேட்டுப் போகும்போதெல்லாம் இயக்குநர் கனிவோடு, "அடுத்த வாரம் வாங்கம்மா" என்பார். அந்த வார்த்தையின் அருமை தெரியாதவளா அவள்?

"இது நம்ம தொழில் பேச்சுங்க" என்றாள் புருஷனிடம். "தைக்கக் குடுத்த துணிய இன்னும் பிரிச்சுக்கூடப் பாக்கலன்னா, நானும் இப்படித்தான் சொல்லுவேன்."

இந்த நிலையில்தான் புயல் எச்சரிக்கை வந்தது. வழக்கமான புயல் இல்லை, பெரிய புயல். மறுநாள் மத்தியானம் கரையைக் கடக்கும் என்று ரேடியோ விடாமல் சொன்னது. டேப் அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துறை அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே அவசரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. புயல் விஷயத்தில் துறை சும்மா இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. 'முன்மாதிரி வீட்டைப் புயலிலிருந்து காப்பாற்றுவது எப்படி?' என்பதுதான் கூட்டத்தின் பொருள்.

"சார், சாவி குடுங்க. புள்ளைய வச்சிருக்கேன், தகரக் கூரை தாங்காது" என்றாள் அவள்.

இயக்குநர் அதிர்ந்து போனார். "புயல் வர்ற நேரத்துல அந்த வீட்டுக்குப் போறீங்களா? வீட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பொறுப்பு?"

"புயலுக்குன்னுதானே சார் கட்டினீங்க?"

"தாங்கும்னு கட்டினோம். அதுக்காகப் புயல்ல கொண்டு போய் நிறுத்துறதா? நல்ல குடையை யாராவது மழையில நனைப்பாங்களா?"

பொறியாளர் எழுந்தாள். "சார், அந்த வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. நான் கணக்குப் போட்டிருக்கேன்."

"உங்க கணக்கு மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு" என்றார் இயக்குநர். "அத சோதிச்சுப் பாத்து உங்கள அவமானப்படுத்த நான் விரும்பல. உக்காருங்க. வீட்ட முழுசா தார்ப்பாய் போட்டு மூடணும். காத்துல பறக்காம கச்சிதமா இருக்கணும். யார் தச்சுக் குடுப்பாங்க?"

கூட்டம் முழுவதும் டேப் அக்காவின் கழுத்தைப் பார்த்தது. அங்கே டேப் தொங்கியது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புயலைத் தாங்கும் வீட்டுக்கு மழைக்கோட்டு! தன் குழந்தைக்குக் கூரை இல்லை. கூரைக்குச் சட்டை தைக்கச் சொல்கிறார்கள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தவள், பொறியாளரின் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

"தச்சுரலாம் சார்" என்றாள் பவ்யமாக. "ஆனா அளவெடுக்கணும். தோள், இடுப்பு, உயரம் எல்லாம் வெளியில இருந்தே எடுத்துருவேன். ட்ரையல் பாக்குறதுக்குத்தான் வீட்டத் திறக்கணும்."

"ட்ரையலா? வீட்டுக்கா?"

"பின்ன? உள்ள ஆள் நிறைஞ்சிருக்கணும் சார். அப்பத்தான் வீடு எவ்வளவு விரியும்னு தெரியும்."

"வீடு விரியுமா?"

"வெறும் வயித்துல அளவெடுத்துத் தச்ச சட்டை, சாப்பிட்டப்புறம் பட்டன் போட வருமா சார்?"

இயக்குநர் குனிந்து தன் வயிற்றுப் பக்கத்துப் பட்டனைப் பார்த்தார். அது ஒரு நூலில் ஊசலாடிக்கொண்டிருந்தது. தொழில்நுட்பம் என்று வந்துவிட்டால் அவர் வாதம் செய்கிறவர் அல்ல. பொறியாளரின் பக்கம் திரும்பி, "இதுக்கு விஞ்ஞான ஆதாரம் இருக்கா?" என்றார்.

பொறியாளர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "இருக்கு சார். உள்ளிருந்து வர்ற அழுத்தம்."

"எத்தனை பேர் வேணும்?"

"தெருவே வேணும் சார்" என்றாள் டேப் அக்கா. "பெரிய உடம்பு இல்லையா!"

சாவி வந்தது. இந்தத் தடவை இரும்புச் சாவி, உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. "ட்ரையல் முடிஞ்ச உடனே எல்லாரையும் வெளிய அனுப்பிப் பூட்டிரணும்" என்று இயக்குநர் பொறியாளரிடம் கண்டிப்பாகச் சொன்னார். ட்ரையல் எப்போது முடியும் என்று சொல்ல வேண்டியவள் தையல்காரி. அதை அவர் யோசிக்கவில்லை, பாவம்.

மறுநாள் காலையிலேயே வானம் இருண்டுவிட்டது. டேப் அக்கா உண்மையிலேயே கோட்டைத் தைத்து முடித்திருந்தாள். வாங்கிய வேலையைச் செய்யாமல் விடுகிறவள் இல்லை. கை நீளத்துக்குக் கை, காலருக்குக் காலர். தெருவே ட்ரையலுக்குத் திரண்டது. பொறியாளரும் வந்து கதவைத் திறந்துவிட்டாள். தண்ணீர்க் குடங்கள், பாத்திரங்கள், படுக்கைகள், ஒருவர் வீட்டுக் கோழி, எல்லாம் 'உள்ளிருந்து வரும் அழுத்தம்' என்ற தலைப்பில் உள்ளே போயின. மாமனார் ஜன்னலுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார். மெக்கானிக் தையல் மெஷினைத் தலையில் சுமந்துகொண்டு வந்து, பொறியாளர் அதற்கென்று வரைந்த இடத்திலேயே வைத்தான். அளவெடுத்தது போல அமர்ந்தது. டேப் அக்கா அதைத் தடவிப் பார்த்தாள்.

மத்தியானம் காற்று ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்றா சொன்னேன்? ஊரையே உலுக்கி எடுத்தது. தடுப்புக் கதவுகளை இழுத்துச் சாத்தினார்கள். வெளியே தகரங்கள் பறக்கும் சத்தம், மரம் முறியும் சத்தம். உள்ளே கூரைச் சட்டங்கள் ஒரு முனகல் முனகிவிட்டு, பட்டைகளின் பிடியில் அப்படியே நின்றன. சோலார் தகடு சேர்த்து வைத்திருந்த மின்சாரத்தில் ஒரு பல்ப் எரிந்தது. குழந்தை அதையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

அந்த நேரத்தில் கதவை யாரோ தட்டினார்கள். தட்டல் இல்லை, இடி.

திறந்தால், தெப்பலாக நனைந்து இயக்குநர். பின்னால் அவர் மனைவி. அவர்கள் வீடு ஊரிலேயே அழகான வீடு. முகப்பு முழுவதும் கண்ணாடி. 'இயற்கையோடு இணைந்த வடிவமைப்பு' என்று பத்திரிகையில் படம் வந்திருந்தது. இயற்கை வந்து இணைந்துவிட்டது.

"உள்ள வாங்க மேடம், வாங்க சார், சீக்கிரம்" என்று டேப் அக்கா அவர்களை இழுத்துக் கதவைச் சாத்தினாள். துண்டு கொடுத்தாள். சூடாக ஒரு டம்ளர் டீயும் கொடுத்தாள்.

இயக்குநர் நடுக்கம் தணிந்ததும் முதலில் பல்பைப் பார்த்தார். "கரன்ட் செலவாகுது" என்று முணுமுணுத்தார். பிறகுதான் ஞாபகம் வந்தவர் போல, "கோட்டு எங்கம்மா? வீட்டுக்கு மாட்டலையா?" என்றார்.

"நீங்க உக்காந்திருக்கறதே அதுதான் சார். தரையில ஈரம் படக் கூடாதுன்னு விரிச்சிருக்கேன்."

காற்று ஓய்ந்து கதவைத் திறந்தபோது சாயங்கால வெளிச்சம் இருந்தது. டேப் அக்கா வாசலில் நின்று தெருவைப் பார்த்தாள். அவள் வீடு இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குச் சுவர் நின்றது. தொட்டில் தொங்கிய உத்தரம் நடுவில் முறிந்து, தொட்டில் இருந்த இடத்திலேயே விழுந்து கிடந்தது. தங்கக் கலர் சாவி எதிர்வீட்டு மரத்தின் உச்சியில் மாட்டிக்கொண்டிருந்தது. அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். பொறியாளரும் பக்கத்தில் நின்று அழுதாள். அவள் வரைந்த வீட்டில் ஒரு இரும்புப் பட்டைகூட நகரவில்லை.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "நல்லது. புயல் போயிருச்சு. எல்லாரும் வரிசையா வெளிய வாங்க, பூட்டணும்."

டேப் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கழுத்திலிருந்து டேப்பை எடுத்து நிதானமாக நிலைப்படியை அளந்தாள்.

"ட்ரையல் இன்னும் முடியலைங்க சார்."

"எப்பம்மா முடியும்?"

"அடுத்த வாரம் வாங்க."

தெரு கொல்லென்று சிரித்தது. இயக்குநர் ஆதரவு தேடி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கோட்டின் மேல் இன்னும் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டு, "நம்ம வீட்டுக்குப் போய் இப்ப என்னத்தப் பாக்கப் போறோம்? நானும் ட்ரையலுக்கு இருக்கேன்" என்றாள்.

அடுத்த வாரங்கள் பல வந்து போயின. டேப் அக்கா அங்கேதான் இருக்கிறாள். மெஷின் ஓடுகிறது, மீட்டரும் கொஞ்சம் நகர்கிறது. தெருவில் எல்லோரும் அதே மாதிரி வீடு வேண்டும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். விருதைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது.

துறை சோர்ந்து போகவில்லை. ஒரு நல்ல வீட்டுக்குள் மனிதர்கள் நுழைந்தது எப்படி என்று விசாரணைக் குழு போட்டார்கள். கதவு இருந்ததே காரணம் என்று குழு கண்டுபிடித்தது. ஆகவே இப்போது எழும்பிவரும் அடுத்த முன்மாதிரி வீட்டுக்குக் கதவே கிடையாது. எப்பேர்ப்பட்ட புயலையும் அது தாங்கும், அதில் சந்தேகமே வேண்டாம். வெளியே நிற்கிறவர்கள் தாங்குவார்களா என்று கேட்டதற்கு, அது தம் துறையின் கீழ் வராது என்று இயக்குநர் தெரிவித்தார்.