பேரப் புலி வாங்கிய பழைய லேப்டாப்

பேரம் பேசத் தெரியாதவர்கள் இரண்டு வகை. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் ஒரு வகை. இன்னொரு வகையில் ஒரே ஆள்தான் உண்டு. அவர் எங்கள் கண்ணாடிக்காரர்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடைசி வரியில் இருக்கும் பொடி எழுத்து தெரிகிறதா என்று ஊரையே உட்காரவைத்துக் கேட்கிறவர். ஒரு தடவை நாற்காலி வாங்கப் போனார். கடைக்காரன் எண்பது டாலர் என்றான். "ரொம்ப நாளா யாவாரமே இல்ல சார்" என்று ஒரு பெருமூச்சும் விட்டான். நம்மவர் மனம் இளகிப்போய், தொண்ணூறுக்குப் பேசி முடித்துவிட்டு வந்தார். அந்த நாற்காலிக்கு மூன்று கால்தான் தரையில் படும். அதில் உட்காரும்போதெல்லாம் அவர் மனைவி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். லேசாக ஆடிக்காட்டுவார், அவ்வளவுதான். திட்டினாலாவது பதிலுக்குத் திட்டலாம். ஆட்டத்துக்கு என்ன பதில் சொல்வது?

மனைவி மழலையர் பள்ளியில் டீச்சர். ஒரு வகுப்புக் குழந்தைகளை ஒரே பார்வையில் உட்காரவைத்து, யார் யாருடைய பென்சிலை எடுத்தது என்று அடுத்த பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்டவருக்குப் பிள்ளைகளின் மதிப்பெண் அறிக்கை அடிக்கவேண்டிய சமயத்தில், வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு முனகல் முனகிவிட்டு உயிரை விட்டது. புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது. இணையத்தில் பழைய லேப்டாப் ஒன்று பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. கண்ணாடிக்காரர் மேஜையில் ஒரு தட்டு தட்டினார்.

"இந்தத் தடவை நான் பார்த்துப் பேசி வாங்குறேன்."

"நீங்களா?"

"ஏன், எனக்கென்ன கொறச்சல்?"

"கொறச்சல் எப்பங்க இருந்திருக்கு? எப்பவும் கூடுதல்தான்."

அன்றைக்கே அவர் சபதம் போட்டார். சாவதற்குள் ஒரு தடவையாவது இவள் தன்னைப் பார்த்து வாயைப் பிளக்கவேண்டும். அதைவிடப் பெரிய ஆசை அவருக்கு வாழ்க்கையில் கிடையாது.

அப்புறம் விளம்பரங்களுக்குள் இறங்கினார். அடேயப்பா, அது ஒரு தனி உலகம்! இன்னொருத்தர் வீட்டு மேஜைகள், திரைச்சீலைகள், படத்தின் ஓரத்தில் யாருடையதோ ஒரு கால் கட்டைவிரல். கடலைப் பார்த்த குழந்தைபோல மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"இங்க பாரேன். 'ஒரே கை பட்டது, பூப்போல வச்சிருந்தோம்'னு போட்டிருக்கான்."

"பூப்போல வச்சிருந்தவன் ஏங்க விக்குறான்? அந்த மூலையில பூந்தொட்டி எதுக்கு இருக்கு?"

"அழகுக்கு."

"கீறலை மறைக்க."

பெரிதுபடுத்திப் பார்த்தார். தொட்டிக்குப் பின்னால் கீறல் எட்டிப்பார்த்தது. சோபாவில் படுத்தபடியே இதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அவருக்கு விளங்கவே இல்லை. இவளை வைத்துக்கொண்டு பேரம் பேசுவது எப்படி?

கடைசியில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒருவரின் விளம்பரம் கண்ணில் பட்டது. நல்ல லேப்டாப், தொட்டி கிட்டி எதுவும் இல்லை. கடையிலிருந்தே போன் போட்டார். மாஸ்டர் இருநூற்றைம்பது டாலர் என்றார். நம்மவர் மூச்சு விடுவதற்குள் சரி என்றார். சொன்ன பிறகுதான் பேரம் பேச மறந்தது உறைத்தது. உறைத்த அதே நொடியில் அந்த அற்புத யோசனையும் உதித்தது.

"மாஸ்டர், ஒரு சின்ன உதவி. ஞாயித்துக்கெழம வீட்டம்மாவோட வர்றேன். நீங்க நானூறுன்னு சொல்லுங்க. நான் அதட்டுவேன். நீங்க எறங்கணும்."

"எறங்கி?"

"இருநூத்தம்பதுல நிக்கணும்."

"இதுக்கெதுக்கு சார் இந்தச் சுத்து? நேரா வந்து வாங்கிட்டுப் போங்களேன்."

"மாஸ்டர், உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அப்புறமும் கேக்குறீங்களே!"

"புரியுது சார். வாங்க" என்றது மாஸ்டரின் குரல்.

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். முன்னறைச் சுவரில் சாலைக் குறிகளின் படம் தொங்கியது. 'முந்தாதே' என்ற குறிக்கு நேர் கீழே கண்ணாடிக்காரர் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். டீச்சர் லேப்டாப்பை மடியில் வைத்து ஒவ்வொரு விசையாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சில் அவருக்கு அக்கறையே இருந்ததாகத் தெரியவில்லை.

"நானூறு சார்" என்றார் மாஸ்டர்.

"நானூறா! லேப்டாப்புக்கா, இந்த வீட்டுக்கா?"

இந்த வரியை மூன்று நாளாகக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பழகியிருந்தார். மாஸ்டர் நடுங்கியே விட்டார். முந்நூற்றைம்பது என்றார். முந்நூறு என்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மனுஷன் என்னமாய் நடிக்கிறான் என்று கண்ணாடிக்காரர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

"இருநூத்தம்பது. ஒரு காசு மேல கெடையாது."

இங்கே மாஸ்டர் சரி என்று சொல்லவேண்டும். ஒப்பந்தம் அதுதான். மாஸ்டர் சொல்லவில்லை. கண்ணாடிக்காரரின் முகத்தையே பார்த்தார். உதடு துடித்தது.

"அப்படிப் பார்க்காதீங்க சார். இருநூறு கேட்டா நான் எங்க போவேன்?"

"நான் எங்க இருநூறு கேட்டேன்?"

"வாயால கேக்கல சார். கண்ணால கேக்குறீங்க. சரி, எடுத்துக்கோங்க. பையும் மௌசும்கூட எடுத்துக்கோங்க. பார்க்காம மட்டும் இருங்க."

கண்ணாடிக்காரருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இது நாடகத்தில் இல்லாத இடம். அப்படியென்றால் இது நிஜம்! இத்தனை வருஷமாக ஊராருடைய கண்ணையெல்லாம் சோதித்த மனுஷன், தன் கண்ணில் இப்படி ஒரு சக்தி இருப்பதைப் பார்க்கத் தவறியிருக்கிறார். மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். டீச்சர் வாயைப் பிளந்துகொண்டிருந்தார். வாழ்க்கை ஆசை நிறைவேறிவிட்டது.

"என்னங்க, இந்தப் பார்வையை இத்தன வருஷமா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார் டீச்சர். வீட்டுக்குள் நுழைந்ததும் தீர்ப்பும் சொல்லிவிட்டார். "இவ்வளவு பெரிய தெறமைய வீணாக்கக் கூடாது. இனிமே இந்த வீட்டுல பேரம்னா நீங்கதான். சந்தை, மளிகை, பிளம்பர், வாடகைக்கு வீட்டுக்காரர், எல்லாம்."

"கவலைய விடு. நான் பார்த்துக்குறேன்."

பார்த்துக்கொண்டார். உண்மையிலேயே பார்க்க மட்டும்தான் செய்தார். தக்காளிக்காரரை ஒரு பார்வை பார்த்தால் விலை இறங்கியது. வெங்காயக்காரர் எடைக்கு மேலே ரெண்டு அள்ளிப் போட்டார். பிளம்பர் சொன்ன கூலியைத் தானே குறைத்துக்கொண்டார். சனிக்கிழமைதோறும் நம்மவர் இரண்டு கையிலும் இரண்டு பை, தோளில் ஒன்று என்று வெற்றி வீரராகத் திரும்புவார். டீச்சர் சோபாவில் காலை நீட்டி, மடியில் லேப்டாப்போடு படம் பார்த்துக்கொண்டிருப்பார். "வந்துட்டீங்களா? அரிசி மறந்துட்டீங்களே" என்பார். நம்மவர் மறுபடியும் போவார். முதுகு விண்விண்ணென்று வலித்தது. திறமைசாலிகளுக்கு ஓய்வு ஏது என்று தேற்றிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை தக்காளிக் கடையில் டிரைவிங் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் பெருந்தன்மையோடு அவர் தோளைத் தட்டினார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க மாஸ்டர். அன்னைக்கு அம்பது கொறச்சிட்டேன். என் பார்வை அப்படி."

மாஸ்டர் நெளிந்தார். "அந்த அம்பதை டீச்சர் அதுக்கு மொத நாளே அனுப்பிட்டாங்களே சார்."

"எந்த டீச்சர்?"

"உங்க டீச்சர்தான். விளம்பரத்துல நம்பர் இருந்துச்சுல்ல? அவங்களும் பேரம் பேசக் கூப்பிட்டாங்க. வேற யார்கிட்டயாவது பேசி முடிச்சிட்டீங்களான்னு கேட்டாங்க. சமாளிக்கத்தான் பார்த்தேன். 'டீச்சர்கிட்ட உண்மையச் சொல்லணும் கண்ணு'ன்னாங்க. எனக்கு நாப்பத்தாறு வயசு சார். எல்லாத்தையும் சொல்லிட்டேன். அந்தக் கண்ணால கேக்குற வசனம்கூட அவங்க சொல்லிக் குடுத்ததுதான்."

கண்ணாடிக்காரர் தக்காளிக்காரரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு இப்போது சக்தியெல்லாம் இல்லை. பரிதாபம்தான் இருந்தது.

"எங்ககிட்டயும் டீச்சரம்மா போன்ல வெலை பேசிடுவாங்க சார்" என்றார் தக்காளிக்காரர். "நீங்க வந்து மொறைச்சதும் அதைச் சொல்லணும்னு ஏற்பாடு."

வீடுவரைக்கும் கோபப்பட முயன்றார். வரவில்லை. சந்தை, பிளம்பர், மாஸ்டர் என்று ஊரையே ஒரு நாடகத்தில் நடிக்கவைத்து, கதாநாயகனுக்கு மட்டும் சொல்லாமல் விட்ட அந்தச் சாமர்த்தியத்தை நினைக்க நினைக்க மலைப்புதான் வந்தது. வாயைப் பிளந்தபடியே வாசலில் வந்து நின்றார். டீச்சர் சோபாவில் இருந்தார்.

"எல்லாம் தெரிஞ்சுபோச்சு" என்றார் கண்ணாடிக்காரர். "எனக்குப் பேரம் பேசத் தெரியாது. ஒத்துக்குறேன். இனிமே சந்தைக்குப் போகமாட்டேன்."

டீச்சர் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேரம் நான் போன்லயே பேசிடுறேங்க. பை தூக்கத்தான் உங்களுக்கு நல்லாத் தெரியுமே."