ஆற்றுக்கு ஒரு வாளி உபகாரம்

உபகாரி என்றோர் இனம் உண்டு. பிடிக்க வலை வேண்டாம். உங்கள் வீட்டில் ஏதோ குறைகிறது என்று வாயைத் திறந்தால் போதும், தானாக வந்து ஏறும். ஓஸ்லோவில், ரொம்சோஸ் அடுக்குமாடிகளில் நன்றாகச் செழிக்கிறது.

மாதிரிக்கு ஆனந்தராஜாவை எடுங்கள். பக்கத்து வீட்டுக்காரி பல்கனியில் வெறுமையாக வைத்திருந்த பூச்சாடியில் கேளாமலே கறிவேப்பிலை நட்டு, முதல் பனிக்கே அது செத்ததும், "அவவுக்கு வளர்க்கத் தெரியேல்லை" என்று தீர்ப்பும் சொன்னவர். எவர் வீட்டுக் குழம்பைக் கண்டாலும் ஒரு சிட்டிகை உப்புப் போடாமல் கை நிற்காது. ருசி பார்ப்பாரா? அதற்கெல்லாம் எங்கே நேரம்! சொந்த வீட்டுக் குழாய் மட்டும் ஆறு மாதமாக ஒழுகுகிறது.

2005 கோடையில், பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் தங்கை மகள் கம்சிகாவை ஒரு மலையாற்றுக்குக் காரில் கொண்டுபோனார். மூன்றாவது கோடையாக அவள் அங்கே மீன் எண்ணுகிறாள். அவளுடைய பட்டமே அந்த எண்ணிக்கையில் தொங்கியது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, குளிரை அளந்து, வலையை இழுத்து, கண்டதை எழுதினாள்.

"எத்தினை சாதி மீன், பிள்ளை?"

"ஒண்டுதான் மாமா. இந்தப் புள்ளி மீன், ஓரெத்."

"மூண்டு வருசமா எண்ணி ஒண்டே? ஊரில, பாசையூர்ச் சந்தையில ஒரு கூடைக்குள்ளயே ஒன்பது கிடக்கும்!"

"பனி உருகின தண்ணி மாமா. அரை வருசம் மேல ஐஸ், தீனும் கொஞ்சம். அருவி இருக்கிறதால கீழயிருந்து வேற மீன் ஏற ஏலாது. இந்த ஆத்துக்கு ஒண்டுதான் அளவு. இன்னொண்டு வந்தா இது பட்டினி."

"ஓம், ஓம்."

அந்த இரண்டு ஓமையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஓமில் காது மூடும். இரண்டாவதில் திட்டம் பிறக்கும். எண்ணெய் விற்கிற நாடு, இவ்வளவு தண்ணீர், ஒரே ஒரு மீனா? ஆற்றை நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாய் இருந்தது. பிள்ளைதான் பாவம், ஒன்றை எழுதி எப்படிப் பாஸ் பண்ணுவாள்? அடுத்த சனிக்கிழமையே, வீட்டுக்குக் கீழுள்ள குளத்தில் விரல் நீளச் சிறுமீன்களைக் கொசுவலையால் அள்ளி, வாளியில் விட்டு, வழியெல்லாம் காரை நிறுத்தி நிறுத்தி மூடியைத் திறந்து காற்றுக் காட்டி, மூன்று மணித்தியாலம் ஓட்டிப்போய் ஆற்றில் கவிழ்த்தார்.

"போங்கோடா ராசாமார், பெருகுங்கோ!"

பெருகின. அடுத்த கோடையில் ஆற்றங்கரையிலிருந்து கம்சிகாவின் ஃபோன்.

"மாமா, ஆரோ வேற மீனைக் கொண்டந்து விட்டிருக்கினம். வலை முழுக்க அதுதான். இனி அதை ஒழிக்கவே ஏலாது. ஓரெத் குஞ்சுகளின்ர தீனும் போச்சு, என்ர மூண்டு வருசமும் போச்சு."

"அப்ப இப்ப ரெண்டு சாதியோ?" குரலில் அப்படியொரு பூரிப்பு. "நான்தான் பிள்ளை! நன்றியொண்டும் சொல்லவேண்டாம்."

அவள் சொல்லவில்லை. ஃபோனை வைத்துவிட்டாள்.

ஆய்வைத் தொடக்கத்திலிருந்து மாற்ற வேண்டியதாயிற்று. புதுத் தலைப்பு: 'மனிதர் கொண்டுவிட்ட மீனால் ஒரு மலையாறு அடைந்த சேதம்.' ஆனந்தராஜா இப்போது போகிற கலியாணவீடெல்லாம், "பிள்ளையின்ர ஆராய்ச்சியே என்னை வைச்சுத்தான்" என்று சொல்லித் திரிகிறார். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

சிரித்தீர்களா? நல்லது. இந்தக் கதையை வெட்டியெடுத்து எவருடைய கதவுக்குக் கீழே தள்ளிவிட்டால் அவர் திருந்துவார் என்று, வாசிக்கும்போதே ஒரு முகம் மனதில் வந்ததா?

வாளியைக் கீழே வையுங்கள்.