பதினோராவது துண்டு

குழந்தை பார்க்கப் போன வீட்டில், குழந்தையைக் கையில் வாங்கும் முன் அதைச் சுற்றியிருக்கும் துணியை முகர்ந்து பார்க்கும் பெண் யாரையாவது நீங்கள் பார்த்திருந்தால், அது பெரும்பாலும் நானாகத்தான் இருக்கும். புத்தி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. (என் கணவருக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு.) நான் டாக்டர். குடும்ப மருத்துவத்தில் பயிற்சி எடுத்தபோது நானே தேடிக்கொண்ட வினை இது.

அந்தப் பயிற்சி முடிவதற்குள் இரண்டு காரியங்கள் செய்து காட்ட வேண்டும். ஒன்று, அபூர்வமான நோயாளி ஒருவரைக் கண்டுபிடித்து எல்லோர் முன்னிலையிலும் விளக்க வேண்டும். மற்றது, வேலை பார்க்கும் கிளினிக்கில் ஒரு குறையையாவது சரிசெய்ய வேண்டும். எனக்கு வாய்த்தது திருவொற்றியூர்க் கடலோரத்தில் ஒரு சின்ன கிளினிக். வருவதெல்லாம் சளி, சர்க்கரை, மூட்டுவலி, மீன்முள் குத்திய விரல். கூடப் படித்தவர்களுக்குப் புத்தகத்தில் படம் போட்ட நோய்களெல்லாம் வந்துகொண்டிருந்தன. யாருக்காவது ஏதாவது விசித்திரமாக வரக்கூடாதா என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டதுண்டு. இதை எழுதக் கை கூசுகிறது.

அப்போது என் மகளுக்கு ஐந்து மாதம். ராயபுரத்தில் மாமியாரிடம் விட்டுவிட்டு வருவேன். மதியம் கிளினிக் கழிவறையில் நின்றபடி பால் பீய்ச்சி எடுப்பேன். அதனால்தான் அந்த யோசனை வந்தது: தாய்மார்கள் பால் கொடுக்க ஒரு தனி அறை. ஒரு திரை, இரண்டு நாற்காலிகள், பழைய இரும்பு பீரோ ஒன்று. கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி, குழந்தைகளைச் சுற்றிவைக்கும் மெத்தென்ற துண்டுகள் ஒரு டஜன் தருவதாகச் சொல்லிப் பதினொன்று தந்தார். ஒவ்வொன்றின் மூலையிலும் கிளினிக் பெயரோடு ரப்பர் ஸ்டாம்பு குத்தினேன். யாரும் குத்தச் சொல்லவில்லை.

திறப்பு விழாவுக்கு, எங்கள் பயிற்சியை மேற்பார்த்த சீஃப் டாக்டரின் தேதி கிடைக்க ஆறு வாரம் ஆனது. அதுவரை துண்டுகள் பீரோவில். கரப்பான் ஏறினால்? பூச்சி அரித்தால்? இந்தக் கவலையில் எனக்குத் தூக்கமில்லை. அந்துருண்டை வாங்கினேன், நம்ம ஊரில் பாச்சா உருண்டை என்பார்களே, அதுதான். பாக்கெட்டில் பீரோவுக்கு நாலைந்து போதும் என்று போட்டிருந்தது. எனக்கு எதுவும் போதாது. மடிப்புக்கு இரண்டாக வைத்தேன். அடுத்த வாரம் சந்தேகம் வந்து இன்னொரு பாக்கெட்.

எங்கள் நர்ஸ் மெர்சி சிஸ்டர் பீரோவைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "மேடம், கரப்பான் சாவுதோ இல்லியோ, நாம செத்துருவோம்."

நான் சிரித்துவிட்டேன். வெளியே கருவாட்டு வாடை, காற்று திரும்பினால் தொழிற்சாலைக் காந்தல். என் அறை மட்டும் 'சுத்தமாக' மணந்தது. பெருமையாக இருந்தது.

விழா ஒரு திங்கட்கிழமை. பதினோரு தாய்மார்களுக்கு என் கையாலேயே துண்டு கொடுத்தேன். துவைத்து வெயிலில் காயப்போட்டுக் கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. புதுத் துணிதானே. பேச்சு வேறு: "குழந்தையை எப்பவும் இதுலயே சுத்தி வையுங்க, சூடு தங்கும்." ஒரு பெயரையும் எழுதி வைக்கவில்லை. ஆனால் போட்டோ எடுத்தேன். ஸ்டாம்பு தெரிய வேண்டும் என்று துண்டைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை நதியா வந்தாள். குப்பத்துப் பெண், இருபத்திரண்டு வயதிருக்கும். கையில் மூன்று மாத ஆண் குழந்தை.

"ரெண்டு நாளா பால் குடிக்கல டாக்டரம்மா. மூஞ்சி வெளுத்துகீது. ஒண்ணுக்குப் போனா டீ டிகாஷன் மாதிரி கீது."

குழந்தையின் உள்ளங்கையில் ரத்தமே இல்லை. கண்ணின் வெள்ளையில் மஞ்சள். துணியில் பழுப்புக் கறை. குனிந்தபோது அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. படித்த பக்கம் அப்படியே கண்முன் வந்தது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு நொதி குறைவாக இருக்கும். நமக்கு வெறும் வாசனையாக இருக்கும் அந்துருண்டை, அவர்களின் ரத்த அணுக்களை உடைத்துவிடும்.

என் அபூர்வ கேஸ்!

மெர்சி சிஸ்டரை ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னேன். ஆக்சிஜன் வைத்தேன். அந்தளவுக்குச் சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்து அறையிலிருந்த இரண்டு ஜூனியர்களைக் கூப்பிட்டு, "நல்லா கவனிங்க, இது மறுபடி பார்க்கக் கிடைக்காது" என்றேன். பிறகு நதியா பக்கம் திரும்பிப் போலீஸ் விசாரணையை ஆரம்பித்தேன்.

"ஏம்மா, வீட்டுல பாச்சா உருண்டை போட்ட துணியில குழந்தையைச் சுத்தினியா?"

"எங்க வூட்ல பீரோவே இல்ல. பாச்சா உருண்டய எங்க போடறது?"

"பொய் சொல்லாத. வாசனை இங்க வரைக்கும் வருது. ஒரு குழந்தையை இப்படியா பார்த்துக்குவ?"

வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.  நதியா குழந்தையைச் சுற்றியிருந்த துண்டின் உள்ளே மடிந்திருந்த மூலையை இழுத்து, என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இன்னாம்மா இப்டி கேக்குற? நீ குடுத்ததுதானே இது. நீ சொன்ன மாதிரியே ராவும் பகலும் இதுலயேதான் சுத்தி வெச்சேன். தோ பாரு, சீல் கீது."

இருந்தது. கோணல் இல்லாமல், எழுத்துக்கு எழுத்து தெளிவாக. ஒரு ஜூனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். துண்டை உருவி எறிந்துவிட்டு, என் துப்பட்டாவில் குழந்தையைச் சுற்றினேன்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், ஆனால் சேருகிற ரத்தம் கிடைக்க நேரமாகும் என்றார்கள். வராந்தாவில் நானும் நதியாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மன்னிப்புக் கேட்க ஆறு வாக்கியங்கள் தயார் செய்தேன். ஆறிலும் மருத்துவ வார்த்தைகள் இருந்தன. ஒவ்வொன்றாகக் கைவிட்டேன். உள்ளே ஏதோ ஒரு குழந்தை அழுதது. என் சுடிதாரில் பால் கசிந்து இரண்டு வட்டங்கள் விழுந்தன.

நதியா கவனித்தாள். "உன் கொயந்த பசியில கீதுபோல. வூட்டுக்குப் போயேன்."

"இல்ல, இருக்கேன்."

"இருந்து இன்னா பண்ணப்போற?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் உண்மையாகவே கேட்டாள்.

அப்போதுதான் சீஃப் போன் செய்தார். ஒரே கேள்வி: "மத்த பத்துத் துண்டும் யார்கிட்ட இருக்கு?"

 அந்தப் பத்துக் குழந்தைகளில் யாருக்கு இந்தக் குறை இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? என்னிடம் இருந்தது ஒரு போட்டோ. திறந்து பார்த்தேன். பதினோரு ஸ்டாம்புகள் பளிச்சென்று தெரிந்தன. அவற்றுக்கு மேலே பதினோரு நெற்றிகள். முகங்களை எல்லாம் துண்டு மறைத்திருந்தது.

குழந்தைக்கு ரத்தம் ஏற ஆரம்பித்த பிறகுதான் கிளம்பினேன். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை முடிந்திருந்த என் கணவர் பைக்கோடு வந்தார். அன்று சாயங்காலமும் மறுநாள் முழுவதும் சந்து சந்தாகப் போய், போனை நீட்டி, "இந்த நெத்தி யாரோடதுன்னு தெரியுமா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். காரணத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. ஒரு வீட்டில் துண்டு அடுப்படியில் கரித்துணியாக இருந்தது. ஒரு வீட்டில் மீன்கூடைக்குச் சும்மாடாக இருந்தது. (என் பேச்சைக் கேட்காதவர்கள் எல்லாம் தப்பித்திருந்தார்கள்.) ஒரு அம்மா வாசலிலேயே கத்தினார்: "குட்த்துட்டு மறுபடி புடுங்கினு போற ஆஸ்பத்திரிய இப்பதான் பாக்குறேன்!" கொடுத்துவிட்டு, குழந்தையையும் என் மடியில் போட்டு, "கண்ணப் பாரு, ஒண்ணும் இல்லியே?" என்று மூன்று தடவை கேட்டார்.

ஒன்பது கிடைத்தன. நதியாவுடையதோடு பத்து. பதினோராவது நெற்றிக்குக் கீழே துண்டைப் பிடித்திருந்த கைகளில் பச்சை வளையல். "அது பிரசவத்துக்கு வந்த பொண்ணும்மா, எண்ணூர் பக்கம் எங்கியோ போயிட்ச்சு" என்றார்கள். எண்ணூருக்கும் போனோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். பச்சை வளையல் போடாத பெண் அங்கே யார்?

நதியாவின் பையன் ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தான். பிறகு செய்த சோதனையில் அந்த நொதிக் குறை இருப்பது உறுதியானது. எந்த மாத்திரை கூடாது, எந்த வாசனை கூடாது என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன். இன்று எங்கள் கிளினிக்கில் அந்த அட்டை எப்போதும் இருக்கிறது. எந்தத் துணியும் துவைத்துக் காயாமல் யார் கைக்கும் போவதில்லை, பெயர் எழுதாமலும் போவதில்லை. பயிற்சியில் என் அபூர்வ கேஸையும் கிளினிக் முன்னேற்றத்தையும் தனித்தனியாகச் சொல்லவிடாமல், சீஃப் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லவைத்தார். ஸ்டாம்பு போட்ட மூலையைத் திரையில் பெரிதாகக் காட்டினேன். பின்வரிசையில் யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். தேர்ச்சி என்று போட்டார்கள். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்தப் பையனுக்கு இப்போது மூன்று வயது. இருமல் என்று வந்தால்கூட, நதியா முதலில் அவன் சட்டையைத் தூக்கி என் முகத்துக்கு நேராக நீட்டுவாள். "மோந்துக்கோ டாக்டரம்மா, அப்பால மருந்து எய்து." வரிசையே சிரிக்கும். இப்போது மற்ற தாய்மார்களும் அப்படித்தான் நீட்டுகிறார்கள்.

வீட்டில் இன்னும் மோசம். என் மகள் பொம்மைக்கு வைத்தியம் பார்க்கும்போது ஸ்டெதாஸ்கோப்பைத் தொடுவதே இல்லை. பாவாடையை மோந்து பார்த்து, "ஒண்ணும் இல்ல, போ" என்று அனுப்பிவிடுகிறாள். விருந்தாளி வந்தால் என் கணவர் அதைச் செய்து காட்டச் சொல்வார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும்தான்.

பிறகு பஸ்ஸிலோ மார்க்கெட்டிலோ துண்டில் சுற்றிய குழந்தை ஏதாவது என் பக்கத்தில் வரும். இத்தனை வருஷத்தில் வாசனை போயிருக்கும், அந்தக் குழந்தையும் வளர்ந்திருக்கும், இருந்தால். தெரியும். இருந்தாலும் குனிந்துவிடுகிறேன்.