சுவீடன் முறையில் அப்பா செத்த கதை

என் இரண்டு கைகளாலும் என் அப்பாவைச் சாகடித்திருக்கிறேன். (பதறாதீர்கள். நேற்றுக் காலையும் இரண்டு நீத்துப்பெட்டி புட்டைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வயலுக்குப் போனார்.) யாரும் வழக்குப் போடாததால் நானே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அந்தக் கனம் என் நடையிலேயே தெரியும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, வவுனியாவில் ஆறு மாதம் மசாஜ் சிகிச்சை படித்து, சான்றிதழோடு ஒட்டுசுட்டானில் வந்து இறங்கினேன். கிளிநொச்சியில் ஒரு சிகிச்சை நிலையம் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா ஓம் என்றால் போகலாம். அப்பா சொல்லவில்லை.

“அரசாங்கக் கச்சேரியில கதிரையில இருப்பாய் எண்டு படிப்பிச்சன். நீ ஊராற்ற முதுகில எண்ணெய் பூசப் போறன் எண்டுறாய்.”

“சும்மா எண்ணெய் பூசுறேல்லை அப்பா. இது சுவீடிஷ் மசாஜ். நீட்டித் தடவி, பிசைஞ்சு, தட்டி விடுறது. இரத்த ஓட்டம் சீராகும், நல்ல நித்திரை வரும். மற்றது ரெமீடியல். நோகிற தசையைத் தேடிப் பிடிச்சு அதைச் சரியாக்கிறது.”

“சுவீடன் எங்க கிடக்கு?”

“நோர்வேக்குப் பக்கத்தில.”

“அப்ப அது குளிரில விறைச்ச சனத்துக்கு. இஞ்ச அடிக்கிற வெயிலுக்கு என்னத்துக்கு?”

குசினிக்குள் அடுப்படியில் இருந்து அம்மாதான் வழி சொன்னா. வயலுக்கு மருந்தடிக்கும் தாங்கியை முதுகில் சுமந்து சுமந்து அப்பாவின் கழுத்து இடப்பக்கம் திரும்புவதை நிறுத்தி மூன்று போகம் ஆகியிருந்தது. அந்தப் பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் முழு உடம்பையும் லொறி மாதிரி வெட்டித் திருப்புவார்.

“ஒருக்கால் பெடியனிட்டக் கழுத்தைக் குடுத்துப் பாருங்கோவன்.”

அப்பா யோசித்தார். “சரி. கழுத்துத் திரும்பினா இவன் கிளிநொச்சிக்குப் போகட்டும். திரும்பாட்டி வாயைப் பொத்திக்கொண்டு கச்சேரிச் சோதினைக்குப் படிக்கட்டும்.”

சனிக்கிழமை பின்னேரம் நாள் குறித்தோம். நான் வவுனியாவில் எழுதிய பாடக் கொப்பியைத் திறந்து வைத்து, வரிக்கு வரி அதன்படி செய்தேன். மேசைக்குப் பதில் முன் அறையில் இரண்டு மர வாங்குகளைச் சேர்த்துப் போட்டேன். வடக்குப் பக்கம் முழுக்க நெல் மூட்டை. அதனால் தலைமாடு தெற்கே வந்தது. ‘வாடிக்கையாளரை வெள்ளை விரிப்பால் மூடவும்.’ மூடினேன். ‘அறையில் நறுமணம் இருக்கட்டும்.’ ஊதுபத்தி கொளுத்தினேன். ‘எண்ணெய் இளஞ்சூட்டில் இருக்கட்டும்.’ தலைமாட்டில் ஒரு விளக்கை ஏற்றி, அதன்மேல் கம்பி வளையத்தில் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்தேன். (படிப்பு என் கண்ணை அவ்வளவு திறந்துவிட்டிருந்தது. எனக்கு எதுவுமே தோன்றவில்லை.)

தோள்பட்டைக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு முடிச்சு அகப்பட்டது. பெருவிரலை வைத்து அழுத்தினேன். முதல் ஐந்து நிமிடம் அப்பா என்னையும் என் ஆசிரியர்களையும் சுவீடன் நாட்டையும் சேர்த்துத் திட்டினார். பிறகு திட்டு முனகலானது. முனகல் பெருமூச்சானது. நிமிர்த்திப் படுக்கவைத்துக் கண்ணுக்கு மேல் ஈரத்துவாயைப் போட்டபோது ஆள் நித்திரை. வாழ்நாள் முழுக்கக் குறட்டை விட்ட மனிதர் அன்று சத்தமே இல்லாமல் தூங்கினார். (அதுவும் என் சிகிச்சையின் பலன். அந்த நேரத்தில் தேவைப்படாத பலன்.)

கொப்பியின் கடைசி வரி: ‘பதினைந்து நிமிடம் பூரண அமைதியில் விடவும்.’ அம்மாவை அப்பாவுக்குப் பக்கத்தில் காவலுக்கு இருத்தினேன்.

“ஆர் வந்தாலும் ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது.”

நான் எண்ணெய்க் கையைக் கழுவச் சவர்க்காரத்தோடு கிணற்றடிக்குப் போனேன்.

அப்போது வந்தா பக்கத்து வீட்டுப் பூமணி அக்கா, இரவல் வாங்கிய, மா அரிக்கும் அரிதட்டைத் திருப்பிக் கொடுக்க. அவவின் கணவர் சின்னராசா அண்ணையும் அப்பாவும் வாய்க்கால் தண்ணீர் முறையில் சண்டை பிடித்து இரண்டு வருடமாகக் கதைப்பதில்லை. பெண்கள் அந்தச் சண்டையில் சேரவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்த பூமணி அக்கா கண்டது இதுதான்: தெற்கே தலை. தலைமாட்டில் விளக்கு. ஊதுபத்தி. கழுத்துவரை வெள்ளை. பக்கத்தில், தலையைக் குனிந்தபடி என் அம்மா.

“என்னடி நடந்தது?”

அம்மா உதட்டில் விரலை வைத்தா.

“எப்பயடி?”

அம்மா மெதுவாகத் தலையை ஆட்டினா.

அரிதட்டு விழுந்த சத்தமும் “ஐயோ என்ர அண்ணை!” என்ற சத்தமும் கிணற்றடிக்கு ஒன்றாக வந்தன. நான் சவர்க்காரக் கையோடு ஓடினேன். அதற்குள் முற்றத்தில் பத்துப் பேர். எனக்கு முன்னால் சின்னராசா அண்ணை, சேட்டும் இல்லாமல் பாய்ந்து வந்து அப்பாவின் காலைக் கட்டிப்பிடித்தார்.

“அண்ணை, உங்கட முறையில மடையைத் திருப்பினது நான்தான்! கூட்டத்தில உங்களைக் கள்ளன் எண்டதும் நான்தான்! என்னை ஒரு சொல்லுக் கேக்காமல் போயிட்டியளே!”

நான் வாயைத் திறந்தேன். விரிப்புக்குள் இருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டை நெரித்தது. அப்பா முழித்திருக்கிறார்! முழித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார்!

“வரம்பையும் உங்கட பக்கம் ஒரு முழம் அரக்கினனான் அண்ணை…”

“அப்ப வாற போகம் முதல் தண்ணி ஆருக்கு?” என்று கேட்டது பிரேதம்.

முற்றம் வெறுமையானது. ஒருவர் வாசல் படலையைத் திறக்காமலே வேலி பாய்ந்து போனார். பூமணி அக்கா நெல் மூட்டைக்கு மேல் ஏறியிருந்தா. எப்படி ஏறினா என்று அவவுக்கே இன்றுவரை தெரியாது. சின்னராசா அண்ணை அப்பாவின் காலை விட்டார். நிலத்தில் இருந்தபடி, “உங்களுக்குத்தான் அண்ணை, உங்களுக்குத்தான்!” என்று கும்பிட்டார்.

நான் முடிந்தேன் என்று நினைத்தேன். பெற்ற தகப்பனைப் பிரேதமாக்கியவனுக்கு யார் வேலைக்குப் போக அனுமதி கொடுப்பார்கள்? அப்பா எழுந்து, கால்களைக் கிழக்குப் பக்கம் தொங்கப்போட்டு இருந்தார். நெல் மூட்டை இடப்பக்கம். உடம்பு அசையவில்லை, கழுத்து மட்டும் திரும்பியது.

“பிள்ளை பூமணி, இறங்கு. விழப் போறாய்.”

சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது. இன்னொரு முறை இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு வலம். பிறகு திரும்பவும் இடம், கோயிலில் புதுச் சாமியைப் பார்ப்பதுபோல. அம்மாவோ இன்னும் உதட்டில் விரலோடு இருந்தா.

“திங்கக்கிழமை எத்தினை மணி பஸ்?” என்று கேட்டார் அப்பா.

இப்போது கிளிநொச்சியில் என் மேசைகள் எல்லாம் தலைமாடு கிழக்கே வரும்படிதான் கிடக்கின்றன. அது ஏதோ உயர்ந்த சிகிச்சை முறை என்று முதலாளி நம்புகிறார். விடுமுறையில் ஊருக்குப் போனால் எங்கள் வீட்டிலேயே வரிசை. ஆனால் ஒட்டுசுட்டானில் ஒருவரையும் நிம்மதியாகத் தூங்கவைக்க என்னால் முடிவதில்லை. சொந்தக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால், “இருக்கிறியளே?” என்று கேட்பார். படுத்திருப்பவர், “ஓம், இருக்கிறன்” என்று சொல்ல வேண்டும்.

சின்னராசா அண்ணை மட்டும் அப்படிச் சொல்வதில்லை. பூமணி அக்கா கேட்கும்போதெல்லாம் விரிப்புக்குள் இருந்து குரல் வரும்:

“சத்தம் போடாதையடி. ஆரும் வந்து பிழையை ஒத்துக்கொள்ளுவினமோ எண்டு பாத்துக்கொண்டு கிடக்கிறன்.”